இடது தோளில் வைத்த துப்பாக்கி

போன வருடம் தைப்பூசம் முடிந்த வாரம், ஈப்போவில் ஒரு துப்பாக்கிக் கடையில் நடந்தது இது. பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆபரேஷன் ஆன கணவரைத் தனியாக அனுப்ப மனசு வராமல், வண்டி ஓட்டுகிறேன் என்று நானும் ஒட்டிக்கொண்டேன்.

தஞ்சோங் ரம்புத்தான் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் மரவள்ளி போட்டிருக்கிறோம். காட்டுப்பன்றித் தொல்லைக்காக அவர் லைசன்ஸ் எடுத்துத் துப்பாக்கி வைத்திருக்கிறார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் இதயத் துடிப்பு குறைந்துபோய், இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். கனமாக எதையும் தூக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை, இவர் தன் வசதிக்குப் புரிந்துகொண்டார். கனமான துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு லேசாக ஒன்று வாங்கினால் தீர்ந்ததாம். பெரிய ஆண் பன்றி ஒன்று நிலத்தைக் கிளறுவதால், பெரிய ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் ஒரு பெட்டி வேண்டுமாம்.

"லேசா இருந்தா எனக்குத்தானே நல்லதுலா," என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கடைக்காரர் வயதான சீனர். லேசான துப்பாக்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிடித்திருந்தால் பிறகு போலீஸில் மனுப் போட வேண்டும். இவருக்கு எல்லாமே இடது கைதான். அந்தத் தோளில் வைத்து அழுத்தியதும் முகத்தைச் சுளித்தார். கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டு, என்ன ஆச்சு என்று மலாயில் கேட்டார். இவர் சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டினார்.

அந்த மனிதர் துப்பாக்கியை மெல்ல வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். அதே இடத்தில், தோலுக்கடியில், தீப்பெட்டி அளவுக்கு அதே மேடு.

"சாயா பூன் சாமா லா," என்றார். எனக்கும் அதேதான் என்று.

பிறகு விளக்கினார். துப்பாக்கி எவ்வளவு லேசோ, சுடும்போது தோளில் விழும் அடி அவ்வளவு பலம். குண்டு பெரிதானால் இன்னும் பலம். கனமான துப்பாக்கி அந்த அடியில் கொஞ்சத்தையாவது தானே வாங்கிக்கொள்ளும். இவர் கேட்டதோ லேசான துப்பாக்கியும் பெரிய குண்டும், அதுவும் பேஸ்மேக்கர் மேலேயே. உள்ளே பேஸ்மேக்கரின் ஒயர் நகர்ந்தால் என்ன ஆகும் என்றும் கடைக்காரர் நிதானமாகச் சொன்னார். எடுத்து வைத்திருந்த தோட்டாப் பெட்டியை அலமாரியிலேயே திருப்பி வைத்து, முதலில் டாக்டரிடம் கேளுங்கள் என்றார். வலது தோளுக்கு மாறிய புதிதில் குறி தப்பித் தான் சுட்டதெல்லாம் கரையான் புற்றைத்தான் என்று சொல்லிச் சிரிக்கவும் வைத்தார்.

காரில் ஏறிய பிறகுதான் இவர் வாயைத் திறந்தார்.

"துப்பாக்கி வச்சிருக்கேன்னு டாக்டர்கிட்ட நான் சொல்லவே இல்ல. வேணாம்னு சொல்லிருவாருன்னு பயமா இருந்துச்சு."

பயம் என்று இவர் வாயால் அதுவரை நான் கேட்டதில்லை. திட்ட வாயெடுத்தவள், கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது.

டாக்டர் இடது தோளில் கூடவே கூடாது என்றார். நன்றாக ஆறிய பிறகு, வலது தோளில், அடி குறைவான தோட்டா என்றால் சரி என்றார். இப்போது அதே பழைய கனத் துப்பாக்கிதான், தோள்தான் வேறு. குறி பாதிக்கு மேல் தப்புகிறது.

"போயிருச்சுலா," என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இவர் வீட்டுக்குள் வரும்போதெல்லாம், வியாபாரத்தைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்த அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். பன்றி தப்பினால் தப்பிப் போகட்டும், இவர் வந்து சேர்ந்தால் போதும் எனக்கு.