கம்பைலர்காரர்களுக்கு நான் போட்ட மனு

அனுப்பிய இமெயிலைத் திரும்பப் பிடுங்க வழி தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். அவசரம்.

என் பொண்ணு வித்யா ஒரு கம்பைலரைத் திருத்துகிறாள். நாம் எழுதும் புரோகிராமை மெஷின் பாஷைக்கு மாற்றும் சாஃப்ட்வேர் அது. உலகம் பூராவும் ஆட்கள் சேர்ந்து காசு வாங்காமல் செய்யும் வேலை.

ஒரு இடத்தில் அது மெஷினுக்குத் தப்பான கட்டளை கொடுப்பதைக் கண்டுபிடித்து, சரிபண்ணி அனுப்பினாள். மூணு வாரமாக யாரும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பொண்ணுக்குச் சோறு இறங்கவில்லை.

நான் நாச்சாரத்தில் ஃபிட்டர். எங்கள் ஃபேக்டரியில் ஃபைல் நகரவில்லை என்றால் மேனேஜருக்கு ஒரு மனு போடுவோம். இன்று மத்தியானம் அதையே செய்தேன். "மதிப்பிற்குரிய ஐயா, என் மகள் சாப்பிடுவதில்லை. தயவுசெய்து அவள் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளவும்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன்.

நான் இமெயில் அனுப்பியது ஒரு ஐயாவின் முகவரிக்கு இல்லையாம். குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் போகுமாம். இணையத்தில் அழியாமல் நிற்குமாம்.

வித்யா ஆபீஸிலிருந்து போன் பண்ணினாள். "ஒய் அப்பா, ஒய்? எல்லாரும் படிச்சுட்டாங்க!"

"பதில் ஏதாவது வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. வேற சிப்புல என் திருத்தம் ஓடலையாம். முதல்ல சாப்பிடு, அப்புறம் திருத்துன்னு குழுவுல ஒருத்தர் போட்டிருக்கார்."

போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆறு மணிக்கு வருவா. நீங்களே கதவைத் திறங்க, நான் கோயிலுக்குப் போறேன்" என்கிறாள்.

அல்வால் பக்கம் இருக்கும் நண்பர்களே, இன்று ராத்திரி நான் படுக்க யார் வீட்டிலாவது ஒரு பாய் காலியாக இருக்கிறதா?