காயா, பழமா?

கண்டனூரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றில் பேசும் ஆடு இருக்கிறது என்று சிறுவர்களுக்கு ஒரு கதை எழுதினேன். கல்யாணத்துக்காக வீட்டைத் திறக்கும்போது, அங்கே வரும் ஒரு சிறுமியோடு ஆடு சிநேகமாகிறது. படித்த நண்பர்கள், “ஆடு எங்கேயாவது பேசுமா?” என்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசாத ஆட்டைப் பற்றி எழுத நான் எதற்கு?

லீவுக்குக் காரைக்குடி வந்திருந்த என் தங்கை மகளிடம் கதையைக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள். பாதியில் நிமிர்ந்து பார்த்தாள்.

“பெரியம்மா, ஆடு முதல்ல ‘எப்ப வந்தீக, சாப்பிட்டீகளா’ன்னு மரியாதையாப் பேசுது. இங்க வந்து ‘வாடி, போடி’ங்குது. நடுவுல என்ன ஆச்சு? ரெண்டு பேரும் காயா, பழமா?”

ஒன்றும் ஆகவில்லை, நான் கவனிக்காமல் எழுதியிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் அவளிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

“காய் விட்டு, அப்புறம் பழம் விட்டுக்கிட்டாங்க” என்றேன்.

“அதை ஏன் எழுதாம விட்டீக?”

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். ஆடு கல்யாண மாலையைத் தின்றுவிடுகிறது. சிறுமி காய் விடுகிறாள். மறுநாள் ஆடே வந்து, “வாடி, பழம்” என்கிறது. புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அதுதான். அது அவள் கொடுத்தது.

ஆடு பேசுமா என்று எல்லோரும் கேட்டார்கள். அது என்ன பேசியது என்று காதுகொடுத்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.