இரண்டு குழலுக்கு ஒரு கட்டை

எங்கள் வீட்டில் காற்றுத் துப்பாக்கி இரண்டு, கட்டை ஒன்று. கட்டை என்பது தோளில் ஊன்றி, கன்னத்தைச் சாய்த்துப் பிடிக்கிற மரப்பகுதி. அதன் மேல் உட்காருகிற இரும்பு முழுவதையும், விசையோடு சேர்த்து, நாங்கள் குழல் என்றுதான் சொல்வோம். ஒன்று அண்ணன் குழல், இன்னொன்று என் குழல். எனக்கும் முதலில் தனிக் கட்டை இருந்தது. சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒருநாள் பைக் சறுக்கியதில் அது கைப்பிடியோடு பிளந்துபோனது. அந்தப் பழைய மாடலுக்கு வேறு கட்டை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே மாடல் என்பதால் அண்ணனுடைய கட்டையிலேயே என் குழலும் உட்கார்ந்துகொண்டது.

அதில் எங்களுக்குச் சண்டை வந்ததில்லை. அண்ணனுக்குப் போர்வெல் ரிக் வண்டியில் வேலை. வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். அப்போது கட்டை எனக்கு. நான் ஒன்பதாவதோடு நின்று தறிக்குப் போனவள், ஞாயிறு மட்டும்தான் லீவு. கோயிலில் பூசை முடிந்ததும் நானும், ஊரில் இருந்தால் அண்ணனும், நேராகக் கோழிப்பண்ணைக்குப் போய்விடுவோம். பண்ணைக்காரர் கோழிகளைப் புதுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டு, காலியான பழைய கொட்டகையில் பத்து மீட்டர் அளந்து எங்களைப் போன்றவர்களுக்குக் குறி அட்டை கட்டி வைத்திருந்தார். அண்ணியும் வருவாள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள், துப்பாக்கியைத் தொட்டதில்லை.

எங்களுக்குள் ஒரே ஒரு வழக்கம். கடைசியாகச் சுட்டவர் தன் குழலைக் கழற்றி, மற்றவருடைய குழலை மாட்டி வைத்துவிட வேண்டும். முதல் தடவை நான் மேஜையில் படுக்கப்போட்டுத் திருகினேன். அடுத்த வாரம் அண்ணன் சுட்ட குண்டெல்லாம் கோழி கிளறினது மாதிரி அட்டை முழுக்கச் சிதறியது. அவன் திட்டவில்லை.

"படுக்க வெச்சு யாராச்சும் தாலி கட்டுவாங்களா அம்மிணி? நிக்க வெச்சுக் கட்டு."

கட்டையைத் தரையில் ஊன்றி நிமிர்த்த வேண்டும். குழல் தன் கனத்துக்கே இறங்கி உட்கார வேண்டும். அதற்கப்புறம் இரண்டு திருகையும் ஆலன் கீ என்கிற வளைந்த சாவியால் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். நடுவில் தூசி இருக்கக் கூடாது. இதை எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பான்.

அவன் கடைசியாகக் கிளம்பியது ரொம்ப அவசரம். பண்ணையில் என் குழலைக் கழற்றி, தன் குழலைத் தானே மாட்டிச் சுட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், வடக்கே போகிற ரிக் வண்டி அயோத்தியாப்பட்டணத்தில் அவனுக்காக நிற்கிறது என்று போன் வந்தது. அப்படியே பையில் போட்டு வீட்டில் வைத்துவிட்டு ஓடினான். போகிற வழியில் என்னைக் கூப்பிட்டு, மாற்றி வைக்காமல் வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே என்றான். நீயே வந்து மாற்று, நான் தொடமாட்டேன் என்று விளையாட்டுக்குச் சொன்னேன். வடக்கே போன இடத்தில் அவனுக்கு மஞ்சள்காமாலை கண்டது. ஆம்புலன்ஸில் சவப்பெட்டியோடுதான் திரும்பி வந்தான்.

அதற்கப்புறம் என் குழல் சாக்கு சுற்றி பீரோ மேலேயே கிடந்தது. நான் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். பண்ணைக்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். கை வலி என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் என்னால் அந்த இரண்டு திருகைத் தொட முடியவில்லை. அண்ணன் கட்டின கொடிக்கயிறு காற்றில் அறுந்துவிட்டது. பைக்கில் அவன் வைத்த பிரேக்கை மெக்கானிக் மாற்றிவிட்டார். அவன் கையால் இறுக்கியதில் மிச்சம் அந்தத் திருகுகள்தான். அதையும் நான் அவிழ்த்துவிட்டால் அவன் முழுதாகப் போய்விடுவான் என்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் இருந்தேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்த அண்ணி, துப்பாக்கிப் பையை அவளே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். என் குழலையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உங்கண்ணன் மாட்டுனது மாட்டுனபடியே இருக்குதுல்ல சாமி. அதுல நான் சுடோணும்."

நான் குண்டு போட்டுக் கொடுத்தேன். முதல் குண்டு அட்டையைத் தாண்டித் தகரத்தில் அடித்தது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துக் கொட்டகைக் கோழி அத்தனையும் கத்த ஆரம்பித்தன. அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. டப்பா காலியாகும்வரை சுட்டாள். ஒரே ஒரு குண்டு அட்டையின் மூலையில் பட்டது. அதைக் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஆலன் கீயைக் கேட்டாள்.

"கடைசியாச் சுட்டது ஆரு?"

"நீங்கதான் அண்ணி."

"அப்ப நாந்தான மாத்தி வெக்கோணும்?"

வேண்டாம் என்று கை நீட்டினேன், அவள் பார்க்கவில்லை. அண்ணி துப்பாக்கியை நிமிர்த்தி ஊன்றிப் பிடித்தாள். முன் திருகு ஒரு தடவை முனகிவிட்டுச் சுற்றியது. பின் திருகும் வந்தது. குழலைத் தூக்கியவள் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். கட்டையின் பள்ளத்தில் ஒரு கோழி இறகு, அப்பளம் மாதிரி நசுங்கி ஒட்டியிருந்தது.

"தூசி இருக்கக் கூடாதுன்னு உனக்குப் பாடம் நடத்துன ஆளு, இறகையும் சேத்து இறுக்கியிருக்காரு பாரு."

சிரித்தேன். தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன், அதிலேயே அழுகையும் வந்தது, இரண்டையும் நிறுத்தத் தோன்றவில்லை. அண்ணி என் தலையைத் தட்டிவிட்டு, பள்ளத்தைத் துடைத்து என் குழலை உட்கார வைத்தாள். அத்தனை நாள் மரத்தடியில் இருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள் போல. இரண்டு திருகையும் மாற்றி மாற்றித்தான் இறுக்கினாள்.

பண்ணைக்காரரிடம் வேறு டப்பா வாங்கி நான் சுட்டேன், ஆரம்பத்தில் குண்டுகள் இஷ்டத்துக்குப் போயின. போகப்போக ஒன்றின் பக்கத்தில் ஒன்று விழுந்தது. திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி டீ குடித்தோம். போட்டி முடிகிறவரை கட்டை எனக்கு முழுசாக வேண்டும் என்றேன். அதெல்லாம் முடியாது, பாதி நேரம் எனக்கு என்று அண்ணி சொல்லிவிட்டாள். வீடு வந்து சேரும்வரை அதற்குத்தான் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம்.