பியோர்ண்டால் வீட்டில் தண்ணி போன வழி

உங்கள் வீட்டுத் தரைக்குக் கீழே எத்தனை மீற்றர் குழாய் ஓடுகிறதென்று உங்களில் ஆருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால் சந்தோசம். வீட்டைச் சூடாக்கும் பொயிலரைப் பூட்டி, அந்தச் சுடுதண்ணியைத் தரைக்குள் ஓடவிடுவது எங்கள் தொழில். நாங்கள் போட்ட குழாயைப் பிறகு ஆரும் காணக்கூடாது. கண்டால் ஏதோ பிழைத்துப் போச்சென்று அர்த்தம்.

மன்னார்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரை படித்தவள் நான். கலியாணம் கட்டி ஒஸ்லோவுக்கு வந்து, மகளும் பிறந்த பிறகுதான் கையில் குறடு பிடித்தேன். கீழே வருவதெல்லாம் நான் தொழிற்பரீட்சைக்குப் போக முந்தின மாதங்களில் நடந்தவை. பரீட்சைக்கு என்னை அனுப்புவதா, இன்னொரு வருசம் மறிப்பதா என்பது ஸ்வெரேயின் கையில் இருந்தது. என்னைப் பழக்கிய நோர்வேக்காரர் அவர்தான். வேலை, பிள்ளை, பாசை, குளிர் என்று என்னைப்போல நாலு பக்கமும் இழுபடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஏனென்று கடைசியில் விளங்கும்.

பொயிலரும் என் இடுப்பும்

ஒஸ்லோவின் ஒரு ஓரத்தில், பியோர்ண்டாலில் ஒரு வரிசை வீடு. கதவைத் திறந்தவ றெஜினா அன்ரி, எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். ஸ்வெரேக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கண்டதும் அவவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் மொழிபெயர்க்க வந்திருக்கிறேன் என்று முடிவெடுத்துவிட்டா. சுவரில் கீறல் விழாமல் வேலை செய்யச் சொல்லு, சப்பாத்தைக் கழற்றச் சொல்லு, தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவென்று கேள் என்றெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டா. நானும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

பிறகு சுவரில் துளை போட்டு, இரும்புத் தாங்கியைப் பூட்டி, ஸ்வெரே ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பொயிலரைத் தூக்கிக் கொழுவினோம். அரிசி மூட்டையை விடப் பாரம். திரும்பிப் பார்க்க, அன்ரி தேத்தண்ணித் தட்டோடு வாய் பிளந்து நிற்கிறா. பாராட்டப்போகிறா என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கிட்ட வந்து காதுக்குள் சொன்னா:

"பிள்ளை, பெத்து எத்தினை வருசம்? கர்ப்பப்பை இறங்கப்போகுது, அவரைத் தூக்கச் சொல்லு."

என் கையெழுத்து

அந்த வீட்டில் குழாய்கள் வந்து சேரும் பெட்டிக்குள் இருந்த அத்தனை இணைப்பும் என் வேலை. ஸ்வெரே முழுவதையும் என்னிடம் விட்ட முதல் வீடு அது. தரையெல்லாம் குழாயைச் சுருட்டிப் பரப்பி, தண்ணி நிரப்பி, அமுக்கம் கொடுத்து ஒரு இரவு விட்டோம். அமுக்கம் காட்டுகிற முள் மயிரளவும் அசையவில்லை. பிறகு சீமெந்து ஊற்றி, அது காய்ந்து, டைல்ஸ் பதித்து, பொயிலரும் ஓடத் தொடங்கியது.

அன்ரியையும் அவவின் புருசன் அங்கிளையும் பக்கத்தில் வைத்துச் சொன்னேன்: சுவரில் என்ன வேணுமென்றாலும் செய்யுங்கோ, தரையில் மட்டும் துளை போடவேண்டாம். சொன்னது காணாதென்று அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டிக் கதவில் ஒட்டியும் விட்டேன். திங்கட்கிழமைக்குச் சின்ன வேலை மிச்சம் இருந்ததால் என் ட்ரில்லை அங்கேயே மூலையில் வைத்துவிட்டு வந்தேன். அங்கிள் கண்ணாடியைப் போட்டு நான் ஒட்டினதை இரண்டு தரம் வாசித்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"எழுத்து வடிவாய்க் கிடக்கு, பிள்ளை. எங்கடை சங்கத்துக்கு நோட்டீஸ் எழுத ஆள் இல்லை."

தரைக்குள் பாம்பு

ஒரு மாதம் இருக்கும். மகளைக் கூட்டிவரப் பார்னஹாகனுக்கு, அதுதான் இங்கத்தைப் பாலர் பள்ளிக்கு, போனேன். அங்கே பிள்ளைகளைப் பார்க்கிறவ, ஒரு நிமிசம் கதைக்கலாமா என்று கேட்டு, அறைக் கதவைச் சாத்தினா. வீட்டில் எல்லாம் சுகமா என்று மெதுவாக விசாரித்தா. இந்த நாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். பிள்ளையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு போன கதைகள் அந்தக் குரலில்தான் தொடங்கும். காலையில் மகள் சப்பாத்துப் போடமாட்டேன் என்று நிற்க நான் சத்தம் போட்டது ஞாபகம் வந்தது.

விசயம் என்னவென்றால், என் மகள் வட்டமாக இருந்த பிள்ளைகளுக்கு நடுவில் எழும்பி, தன் அம்மா ஆட்களுடைய வீடுகளுக்குப் போய், தரைக்குள் நீளப் பாம்பு விட்டு, அதற்குச் சுடுதண்ணி பருக்கி, மேலே சீமெந்து ஊற்றி மூடுகிறவ என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். நான் குழாய்க் கதையைச் சொல்லி முடிக்க, அந்தப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. பிறகு கேட்டா:

"அடுத்த கிழமை ஒரு சின்னப் பாம்புத் துண்டு கொண்டுவந்து காட்ட முடியுமா?"

முள் இறங்கியது

அந்தச் சிரிப்பு வாசலைத் தாண்டவில்லை. ஸ்வெரேயிடமிருந்து அழைப்பு. பியோர்ண்டாலில் பொயிலர் முள் இறங்கிக்கொண்டே இருக்கிறதாம். முள் இறங்கினால் குழாய்த்தண்ணியைத் திறந்து நிரப்பும்படி அங்கிளுக்குக் காட்டிக் கொடுத்திருந்தோம். வருசத்தில் ஒருதரமோ இரண்டு தரமோ செய்கிற வேலை. அங்கிள் ஒருநாள் விட்டு ஒருநாள் திறந்து நிரப்பியிருக்கிறார். மூடின குழாய்க்குள் சுற்றுகிற தண்ணி குறையாது. குறைந்தால் எங்கோ கசிகிறது. இணைப்பெல்லாம் நான் இறுக்கினது.

இரண்டு பேரும் போனோம். ஒவ்வொரு இணைப்பையும் மெல்லிய கடதாசியால் சுற்றிவிட்டு ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்தோம். எல்லாம் காய்ந்தபடி. சுவரில் ஈரமில்லை, பொயிலருக்குக் கீழே சொட்டில்லை. எங்கேயாவது கசிவு கண்டீங்களா என்று அன்ரியைக் கேட்டேன். கசிவென்று ஒன்றும் இல்லை என்று சொல்லி, ஸ்வெரேயின் தட்டில் இன்னொரு கேக் துண்டை வைத்தா. ஸ்வெரே சத்தம் போடுகிற ஆள் இல்லை. வான் வண்டியில் ஏறி, பட்டியைப் போட்டு, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கசிவு உன் இணைப்பில் என்றால் இந்த வருசம் உன்னைப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன். தண்ணி எங்கே போகிறதென்று கண்டுபிடி."

சின்னப் போத்தல்

சனிக்கிழமை மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். அங்கிள் கடைக்குப் போயிருந்தார். முழங்காலில் இருந்து தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டு போக, ஏன் பிள்ளை முகம் வாடிக் கிடக்கு என்று அன்ரி கேட்டா. பரீட்சை தப்பப்போகிறதென்று சொல்ல, எனக்கே அழுகை வந்துவிட்டது. அன்ரி என்னைக் கையில் பிடித்து விறாந்தை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கே மரப் பீடத்தில் மாதா சுரூபம். மன்னாரில் இருந்து சேலைக்குள் சுற்றிக்கொண்டு வந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னா: ஒரு மாதமாக மாதாவின் காலடியில் தண்ணி ஊறுகிறது. அதுவும் இளஞ்சூடாக, வெளியில் எல்லாம் உறைஞ்சு கிடக்கிற நேரம். புதுத் துணியால் ஒற்றி, பிழிந்து, சின்னப் போத்தல்களில் எடுத்துச் செபக் கூட்டத்துச் சிநேகிதிகளுக்குக் கொடுக்கிறாவாம். அங்கிளுக்குத் தெரியாது, அவர் ஊருக்கெல்லாம் சொல்லிப்போடுவாராம்.

நானும் வேதக்காரிதான். என் கை தன்பாட்டில் போய்ச் சிலுவை போட்டது. பிறகு அதே கை அந்த ஈரத்தைத் தொட்டு மூக்கடிக்கு வந்தது. இரும்பும் புதுக் குழாயும் கலந்த மணம். என் மகளின் தலைமயிர் மணத்துக்கு அடுத்தபடி எனக்குப் பழகின மணம் அது. குனிந்து பார்த்தேன். பீடத்தின் காலில் ஒரு ஸ்குரூ ஆணி, தரைக்குள் நேராக இறங்கியிருந்தது. குனிந்தபடியே அந்த ஆணித் தலையில் விரலை வைத்தேன். நான் பக்தியில் உறைந்துபோனேன் என்று நினைத்து, அன்ரி ஒரு சின்னப் போத்தலை என் கைக்குள் வைத்து மூடினா:

"நெத்தியிலை பூசிக்கொண்டு சோதினைக்குப் போ, பிள்ளை. தண்ணி போன இடம் தன்ரை பாட்டிலை தெரியவரும்."

ஆராவது குடிச்சதோ?

நான் முதலில் கேட்டது அதைத்தான், பொயிலருக்குள் சுற்றின தண்ணி குடிக்கிறதுக்கில்லை. இல்லை, பூசினது மட்டும்தான் என்றா. பிறகு விசயத்தைச் சொன்னேன். அன்ரி கதிரையில் இருந்தா. கோயில் உண்டியலை உடைத்தவள் மாதிரி நான் நின்றேன். மாதாவைத் திரும்பிப் பார்த்து, "எல்லாத் தண்ணியுமோ?" என்றா. ஓம் அன்ரி, எல்லாம் என்றேன். பேரன் தவழ்ந்து போய்ச் சுரூபத்தை இழுக்கிறான் என்று, நான் ட்ரில்லை விட்டுவிட்டுப் போன அதே கிழமை முடிவில், தானே துளை போட்டுப் பீடத்தைப் பூட்டியிருக்கிறா. என் ட்ரில்லால். நான் ஒட்டின கடதாசிக்கு மேலே கோயில் கலண்டர் தொங்கியது.

திங்கள் ஸ்வெரே வந்து ஒரேயொரு டைலை உடைத்தார். ஆணியின் நுனி குழாயைக் குத்தியிருந்தது. ஓட்டை கடுகளவும் இல்லை. இணைப்புகள் ஒரு துளியும் விடவில்லை. ட்ரில்லை விட்டுப்போனது நான்தான் என்று நானாகவே சொல்லிவிட்டேன். அவர் சுரூபத்தைப் பார்த்தார், கலண்டரைத் தூக்கி என் எழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்:

"பரீட்சைக்கு உன் பெயரைக் கொடுக்கிறேன். ட்ரில்லை மட்டும் இனி வீட்டுக்குக் கொண்டுபோ."

மாதா இப்போது ஆணியில்லாமல் பசையில் நிற்கிறா. பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டேன்; போத்தலைத் திறக்கவில்லை, எறியவும் மனம் வரவில்லை, குறட்டோடு ஆயுதப் பையில் கிடக்கிறது. இவ்வளவு காலத்தில் நான் படித்தது, தண்ணி போன வழியைக் கண்டுபிடிப்பது சுகம், கண்டுபிடித்ததை ஆருக்குச் சொல்லாமல் விடுவதென்று தெரிவதுதான் கஷ்டமான வேலை என்பது. டைல் உடைத்த அன்றைக்கு நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்க, அன்ரி வாசல்வரை வந்து என் கையைப் பிடித்தா:

"திராமன் ரவுணிலை என்ரை சிநேகிதி ஒராள் அதை முழங்காலுக்குப் பூசிப்போட்டு, இப்ப கம்பி பிடிக்காமல் படியேறுறா. அவவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, பிள்ளை."