ஒன்பது மணி என்று அச்சிட்ட நோட்டீஸ்

1998 மே மாத டயரியில் ஒரு வெள்ளிக்கிழமைப் பக்கம்: "நோட்டீஸில் 9 மணி. நம்மவர்கள் வருவது 11. சிட்டி அதிகாரி வருவதும் 11. எல்லாம் சரி." கடைசி இரண்டு சொற்களையும் பின்னால் வேறு மையில் அடித்திருக்கிறேன்.

அப்போது டெக்சாஸில், ரிச்சர்ட்சன் நகருக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தோம். ஊர் நடுவே ஓடும் ஆற்றில், பழைய தடுப்பணைக்குக் கீழே, தண்ணீர் எழும்பி ஒரே இடத்தில் அலையாக நிற்கும். கடல் இல்லாத ஊரில் அதன்மேல் பலகை போட்டுச் சறுக்குவார்கள். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. வாரம் முழுக்க டெலிகாம் கம்பெனியில் டெஸ்டிங், சனிக்கிழமை காலையில் அலை. விழுந்து விழுந்து, நிற்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இடத்தைக் கல் கொட்டி நிரவப் போவதாக நகராட்சியிலிருந்து அறிவிப்பு வந்தது. எத்தனை பேர் சறுக்குகிறார்கள் என்று ஓர் அதிகாரி நேரில் பார்த்த பிறகே முடிவாம்.

அலையைக் காப்பாற்றும் பிரசாரத்துக்குத் திட்டம் போட்டவன் நான். கூட்டம் வேண்டுமென்றால் தமிழ்க் குடும்பங்கள் வர வேண்டும், அவர்கள் வர சாப்பாடு வேண்டும். ஆகவே ஆற்றங்கரையில் பாட்லக், வீட்டுக்கு ஒரு பதார்த்தம். அதிகாரி என்ன கேட்டாலும் கையைத் தூக்கச் சொல்லி எல்லோருக்கும் ஃபோன் செய்தேன். நேரத்தை ஏன் ஒன்பது என்று போட்டேன் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே நோட்டீஸ் மனைவியோடு சறுக்கும் ஏழு அமெரிக்கர்களுக்கும் போயிருந்தது. அதைத்தான் நான் யோசிக்கவில்லை. சாம்பார் தாமதமாகி நாங்கள் பத்தே முக்காலுக்குப் போனபோது, மரத்தில் ஒரு சீட்டு செருகியிருந்தது: ஒன்பதிலிருந்து ஒன்றரை மணி நேரம் சறுக்கிக் காத்திருந்தோம், யாரும் வரவில்லை, கிளம்புகிறோம்.

பதினொன்றுக்கு அதிகாரி வந்தார். பின்னாலேயே நம்மவர்களும், பட்டுப்புடவையும் புளியோதரையுமாக. அலையில் ஒருவரும் இல்லை. இங்கே சர்ஃபிங் செய்பவர்கள் யார் யார் என்று அவர் கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. இதய டாக்டர் அங்கிள் கரண்டியோடு தூக்கினார். அப்படியானால் யாராவது செய்து காட்டுங்களேன் என்றார் அதிகாரி, மரியாதையாக. கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

மனைவி சாம்பார் கரண்டியை என்னிடம் நீட்டினாள். "உங்க டைம்டேபிள வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்." துப்பட்டாவை ஓர் ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டு, சுடிதாரோடு பலகையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். உடனே விழுந்தாள்.

"ஏம்மா, சாப்டுட்டு ட்ரை பண்ணேன்" என்றார் ஆன்ட்டி.

இரண்டாம் முறை நின்றாள். தலைமுதல் கால்வரை நனைந்து, கைகளை விரித்து, போதும் என்று அவளுக்கே தோன்றும்வரை நின்றாள். அதிகாரி நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு புளியோதரை சாப்பிட்டார், இரண்டு தட்டு.

கல் கொட்டவில்லை. 2001-இல் நாங்கள் நியூ ஜெர்சிக்குக் கிளம்பும்வரை அலை அங்கேயே நின்றது. அதிகாரி தன் அறிக்கையில் சறுக்குபவர் ஒருவர் என்று எழுதினாரா, தூக்கிய கைகளையெல்லாம் எண்ணி எழுதினாரா என்பது தெரியவில்லை. நகல் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. இந்த ஒன்றை மட்டும் என்னால் இன்னும் சரிபார்க்க முடியவில்லை.