ஜெசிந்தா அக்கா தேடிப்பிடித்த காப்புறுதிப் பத்திரம்

ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். என்னோடு எப்போதும் பிரெஞ்சில் பேசுகிறவள் அன்று தமிழில் தொடங்கினாள். "அங்கிள், அம்மா..." மிச்சத்தை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோயில் பாடகர் குழுவில் அக்காவின் குரலை, இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நான் அவரை அறிந்தது வில்லரேயில் இருந்த என் டிரை கிளீனிங் கடையில். இத்தாலிய முதலாளி ஒருவரிடமிருந்து நான் அந்தக் கம்பனியை வாங்கியபோதே அவர் அங்கே உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தார். "கடையோட சேர்த்து என்னையும் வாங்கிப்போட்டியள் தம்பி. இனித் திருப்பிக் குடுக்கேலாது" என்பார்.

ஓய்வுபெற நினைத்துக் கடையை விற்க முன்வந்தேன். கார்டரி என்னும் பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் நடத்தும் ஒருவர் கட்டடத்தைக் கேட்டார். மண்ணைச் சோதித்தார்கள். நிலத்துக்குள் பழைய சலவைத் திரவம் ஊறிப் பக்கத்துக் காணிக்கும் பரவியிருந்தது. சுத்தம் செய்வதற்குக் கட்டடத்தையே விற்றாலும் போதாது. பக்கத்துக் காணிக்காரர் வழக்குப் போடுவதாகக் கடிதம் அனுப்பினார். நான் சாப்பாட்டை மறந்தேன்.

"அந்தக் காலத்து இன்சூரன்ஸ் இல்லையோ?" என்று அக்கா கேட்டார். நாற்பது வருடத்துக்கு முன் முடிந்துபோன காப்புறுதிக்கு இன்று யார் பொறுப்பேற்பார்கள் என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் வாடிக்கையாளரான ஒரு வழக்கறிஞர் தன் கறுப்பு அங்கியை எடுக்க வந்தார். அக்கா அதை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைப் பிரெஞ்சில் கேட்டார். நீதிமன்றத்துக்கு நேரமாகிவிட்ட அந்த மனிதர் ஒரே மூச்சில் சொன்னார்: காப்புறுதி முடிந்திருந்தாலும், அது நடப்பிலிருந்த காலத்தில் பிறருக்கு விளைந்த சேதத்துக்கு அந்த நிறுவனம் இன்றும் பொறுப்பாகலாம், முதலாளி மாறினாலும் கடை நடத்தும் கம்பனி அதுவேதான் என்பதால் உரிமையும் தொடரும். அதன் பிறகுதான் அங்கி கை மாறியது.

அப்படி ஒரு பத்திரம் தங்களிடம் பதிவில் இல்லை என்று காப்புறுதி நிறுவனம் எழுதிவிட்டது. நாங்கள் இருவரும் பழைய முதலாளியின் வீட்டுக்குப் போனோம். தொண்ணூறு தாண்டிய அவர் எங்களை நிலவறைக்குக் கூட்டிப்போனார். தக்காளிச் சாறு போத்தல்களுக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கடதாசி. இரண்டு பின்னேரம் தேடி, சாறு ஊறிய உறை ஒன்றுக்குள் இருந்து அக்கா அதை எடுத்தார். அங்கிருந்தே நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"உங்களிட்ட இல்லாட்டிப் பரவாயில்லை. எங்களிட்ட இருக்கு."

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். கசிவு எப்போது தொடங்கியது என்பதுதான் அவருடைய கேள்வி. "மூத்தவள் வயித்தில இருக்கேக்க. அந்த மணத்துக்கு நாள் தவறாமல் சத்தி எடுத்தனான்" என்று அக்கா பிரெஞ்சில் சொன்னார். அதிகாரி மகளின் பிறந்த ஆண்டைக் கேட்டுப் பத்திரத்தோடு ஒப்பிட்டார். பொருந்தியது. எனக்கு மூச்சு வந்தது.

அத்தோடு அக்கா நிறுத்தவில்லை. "மெஷினுக்குக் கீழ வாளி வைப்பம். நிரம்பினால் பின்னுக்குக் கொண்டுபோய் நிலத்தில ஊத்துறது நான்தான்."

மேசைக்கு அடியில் அவருடைய காலை மிதித்தேன்.

"ஏன் தம்பி காலை மிதிக்கிறியள்?" என்று தமிழில் உரக்கக் கேட்டார். தமிழ் தெரியாத அதிகாரியும் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

நிலம் கெடும் என்று தெரியுமா என்று அவர் கேட்டார். "காத்தோட போயிடும் எண்டுதான் முதலாளி சொன்னவர். அவரும் நம்பினவர், நானும் நம்பினனான்."

அந்தப் பதில்தான் எங்களைக் காப்பாற்றியது என்று எங்கள் வழக்கறிஞர் பிறகு சொன்னார். வேண்டுமென்று செய்த சேதத்துக்குக் காப்புறுதி கிடையாது; அப்படி யாரும் கெடுக்கவில்லை என்பது அதில் தெளிவாக இருந்ததாம். நீண்ட இழுபறிக்குப் பிறகு சுத்திகரிப்பின் பெரும்பகுதியை நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

கேளாமலே ஏன் அதைச் சொன்னீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "உங்களுக்காகவே தேடித் திரிஞ்சனான் எண்டு நினைச்சியள்? ஊத்தினது நானெல்லோ" என்றார். மண் அள்ளிய நாட்களில், கடைசி லொறி போகும்வரை வேலியோரம் நின்றார். இன்று அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

கடந்த ஞாயிறு பூசைக்குப் போகும் அவசரத்தில் காரைப் பின்னுக்கு எடுத்தபோது, தெருவில் நின்ற இன்னொரு காரை உரசிவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. இறங்கிப்போய் முன்வீட்டு மணியை அடித்து, "உரசினது நான்தான்" என்றேன். பைஜாமாவோடு வந்த மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, அது தன் கார் இல்லை என்று கதவைச் சாத்தினார்.

அக்கா எனக்கு விட்டுப்போனது இந்தத் தொல்லைதான். நான் அடுத்த வீட்டு மணியை அடித்தேன்.