தலைப்பாகை கட்டுவது யார்?

இரணியல் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஒரு காலத்தில் இங்கே சில சாதிக்காரர்கள் தலையில் துண்டு கட்டத் தடை இருந்தது என்றேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பாடம் விறுவிறுப்பாகட்டுமே என்று, “உங்க வீட்டுல யாராவது தலைப்பா கட்டி சாமி கும்பிடுவாங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

எல்லோரும் சுஜியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தடையை எதிர்த்து ஆண்கள் தலைப்பாகை கட்டிக் கும்பிடத் தொடங்கிய நிழல்தாங்கல் என்ற கோயிலுக்கு அவள் அப்பா இன்றும் தலைப்பாகையோடு போவது எல்லோருக்கும் தெரியும். அவள் தலை குனிந்துகொண்டாள். ஐயோ, பிள்ளையின் சாதியை வகுப்பில் காட்டிக்கொடுத்துவிட்டேனே! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவள் அப்பா பள்ளி வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“டீச்சர், இத்தன நாளும் நான் தலைப்பா கட்டினா இவ கூட வர வெக்கப்படுவா. நேத்து சாயங்காலம் உங்க பாடத்தக் கேட்டுட்டு வந்து, அவளே துண்ட எடுத்துத் தந்து, ‘நல்லா இறுக்கிக் கட்டுங்கப்பா’ன்னு சொல்லுகா.”

இந்த வருஷமும் அந்தப் பாடம் வருகிறது. இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்ற பயம் போகவில்லை. ஆனால் இப்போது கொட்டாவியைக் கண்டால்தான் அதிகம் பயப்படுகிறேன்.